அரசுக் காப்பீட்டில் 'இன்சூரன்ஸ்காரங்க' என்பது யார்? பந்தலூரிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இது. பந்தலூர் பக்கம் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் 68 வயது அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. முதலில் கூடலூர் அரசு மருத்துவமனை, அங்கிருந்து கீழே கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. இரண்டு நாளாகியும் “இன்சூரன்ஸ்காரங்க அப்ரூவல் தரலை, குவெரி போட்டிருக்காங்க” என்றே சொல்கிறார்கள். அரசு பணம் கட்டும் திட்டத்தில் இந்த இன்சூரன்ஸ்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? யாரைப் பிடிப்பது? பக்கத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்கே கொண்டுபோயிருந்தால் அட்டை செல்லுமா?

அம்மா படுக்கையில் இருக்கிறார், அதனால் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இடுப்பெலும்பு முறிவுக்கு முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. நாள் கடந்தால் நெஞ்சில் சளி கட்டுவது, முதுகில் படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு என்று வேறு வழியில் ஆபத்து வரும். ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

“அப்ரூவல் வரலை” என்ற சொல் நான்கு வெவ்வேறு நிலைமைகளைக் குறிக்கும். மருத்துவமனை இன்னும் கோரிக்கையைக் கணினியில் ஏற்றவே இல்லாமல் இருக்கலாம். ஏற்றியும் மறுபக்கத்து மருத்துவர் திறந்து பார்க்காமல் இருக்கலாம். பார்த்துவிட்டு ஏதோ ஒரு தாள் கேட்டிருக்கலாம், அதுதான் குவெரி. நான்காவது, நிராகரிப்பு. உங்கள் விஷயத்தில் குவெரி என்கிறார்கள். அப்படியானால் இப்போது பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனை. காப்பீட்டுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மருத்துவமனையின் சம்பள ஆள்தான், இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் இல்லை. அவரிடம் போய் “குவெரியில் என்ன எழுதியிருக்கிறார்கள், அந்த வரியைத் திரையில் காட்டுங்கள், கோரிக்கையை ஏற்றிய தேதி, நேரம் என்ன, பதிவு எண் என்ன” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் கையில் இல்லாமல் யாருக்கு ஃபோன் செய்தாலும் “ஆஸ்பத்திரியில கேளுங்க” என்றுதான் பதில் வரும்.

இடுப்பெலும்பு முறிவில் குவெரி வரும் இடங்கள் அநேகமாகத் தெரிந்தவையே. எக்ஸ்ரே படத்தில் பெயர், வயது, தேதி, வலதா இடதா என்பது இல்லாமல் இருப்பது ஒன்று. செல்ஃபோனில் எடுத்த எக்ஸ்ரே படத்தை அப்படியே ஏற்றும்போது இது நடக்கும். அடுத்தது பெயர்: காப்பீட்டு அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் இனிஷியலோடு வேறு மாதிரி. ஆதாரைத் திருத்த இப்போது ஓட வேண்டாம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று குடும்பத்தாரின் உறுதிமொழிக் கடிதம், குடும்ப அட்டை நகல், மருத்துவமனையின் முத்திரை ஆகியவற்றைச் சேர்த்து ஏற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மலைக்காரர்களைப் பாடாய்ப் படுத்துவது: ஏ.ஆர். காப்பி. விழுந்து அடிபட்டவர் முதலில் எந்த மருத்துவமனைக்குப் போனாரோ அங்கே விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு எழுதுவார்கள். அதன் நகலைக் கோவையில் கேட்கும்போது, அது கூடலூரில் இருக்கும். ஒரு தாளுக்காக மலை ஏறி இறங்கினால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். கூடலூரில் தெரிந்தவர் ஒருவரை அனுப்பி நகல் வாங்கி, தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிவேட்டில் “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்றும் கோவை கேஸ் ஷீட்டில் “தோட்டத்தில் விழுந்தார்” என்றும் இருந்தால் அதுவே இன்னொரு குவெரி. வேலை நேரத்தில் தோட்டத்தில் விழுந்திருந்தால் அது சட்டப்படி முதலாளியின் பொறுப்பாகும் விஷயம் என்பதால் அதைத் துருவிக் கேட்பார்கள். நடந்ததை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி, உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

நான்காவது, பேக்கேஜ், அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் திட்டம் வைத்திருக்கும் மொத்தத் தொகை, பொருந்தாமை. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் பாதி மூட்டு மாற்றம், அதற்குக் கீழே முறிந்தால் ஸ்க்ரூ அல்லது ராடு போட்டுப் பொருத்துவது. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனித் தொகை. மருத்துவர் ஒன்றைத் தீர்மானித்திருக்க, கவுன்ட்டரில் இருப்பவர் வேறொன்றைத் தேர்ந்து ஏற்றிவிட்டால் எக்ஸ்ரே ஒன்றைச் சொல்லும், கோரிக்கை வேறொன்றைச் சொல்லும். இதை அறுவை செய்யும் மருத்துவரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால்தான் சரியாகும். 68 வயதில் ஈசிஜி, எக்கோ, ரத்த அளவு, சர்க்கரை, கிரியாட்டினின் பார்த்து மயக்க மருந்து தாங்குவார் என்ற குறிப்பும் வேண்டும். படுக்கையில் நோயாளியின் புகைப்படமும் கேட்பார்கள்.

இவ்வளவையும் ஒரே தடவையில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு குவெரிக்கு ஒரு தாள், அடுத்த குவெரிக்கு இன்னொரு தாள் என்று போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அரை நாள் போகும்.

பிறகு திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993க்கு வார்டிலிருந்தே பேசுங்கள். பதிவு எண், ஏற்றிய நேரம், குவெரியின் வாசகம் மூன்றையும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். “இந்த பிளேட் பேக்கேஜில் வராது, நல்ல கம்பெனி வேண்டுமென்றால் வெளியே பணம் கட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் பணம் கட்டுவதற்கு முன்னால் இதே எண்ணுக்குப் பேசுங்கள். கட்டிய பிறகு மீட்பது பெரும்பாடு. பேக்கேஜ் தொகையில் படுக்கை, பரிசோதனை, மருந்து, உள்ளே வைக்கும் உலோகம், மருத்துவர் கட்டணம் எல்லாம் அடக்கம். தனியாகப் பணம் வாங்கவே கூடாது. கேட்டால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுப்பதே பாதிப் பதில்.

அப்ரூவல் இழுத்துக்கொண்டே போனால் ஒரு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை அட்டையைப் பொறுத்தது அல்ல. அங்கே காப்பீடு என்பது மருத்துவமனைக்கு வரும் கூடுதல் வருமானம். நோயாளிக்கு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம். உள்ளே வைக்கும் உலோகத்தை வாங்க அப்ரூவலுக்குக் காத்திருப்பது அங்கும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் “பணம் கட்டு, இல்லையென்றால் போ” என்ற நிலை அங்கே வராது. கோவையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த தடவை கூடலூரில் பரிந்துரைச் சீட்டு எழுதும்போது “ஊட்டியில் முடியாதா” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டே வண்டியைக் கீழே திருப்புங்கள்.

இனி முதல் கேள்வி. அரசுப் பணம், நடுவில் யார்?

இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றையும் ஒரே ஆள் செய்வதாக நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம். நட்டத்தைத் தாங்குவது ஒரு வேலை. கோப்பைப் பார்த்து அப்ரூவல், கிளெய்ம் தீர்ப்பது இன்னொரு வேலை. சிகிச்சை தருவது மூன்றாவது.

தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் நட்டம் தாங்கும் வேலை ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்தது. அரசு பிரீமியம் கட்டும், கம்பெனி மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும். அப்போது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 1 லட்சம். 2012 ஜனவரி 11 அன்று தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த இடத்துக்கு யுனைடெட் இந்தியா வந்தது. அது மத்திய அரசுக்குச் சொந்தமான பொதுத்துறை நிறுவனம். 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்ந்தது. 2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்கு யுனைடெட் இந்தியாவோடே ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அப்போது பயனாளிக் குடும்பங்கள் 1.37 கோடி என்றார்கள்.

ஆக, நட்டம் தாங்குவது இன்று தனியார் அல்ல. ஆனால் கோப்பைத் திறந்து பார்ப்பது டிபிஏ எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாக நிறுவனங்கள், அவை தனியார். மாவட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்கின்றன. குவெரி போட்டது அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு மருத்துவர். சிகிச்சை தருவதும் உங்கள் விஷயத்தில் தனியார். எல்லாவற்றுக்கும் மேலே தமிழ்நாடு சுகாதாரத் துறை, மாவட்டத்தில் ஆட்சியர், நலப்பணிகள் இணை இயக்குநர்.

தனியார் நுழைந்தாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேக்கேஜ்கள், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கோரிக்கைகள். இதற்கு இரவு பகலாக மருத்துவர்களை உட்கார வைக்கும் ஏற்பாடு ஏதோ ஒரு கையில் இருந்தாக வேண்டும். பார்க்க வேண்டியது ஒவ்வொரு கைக்கும் எதில் ஆதாயம் என்பதை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு: ஒரு குடும்பத்துக்கு அரசு 100 ரூபாய் பிரீமியம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் கிளெய்மாகப் போனது 65 ரூபாய். மீதி 35 யாருடையது? நல்ல ஒப்பந்தத்தில் நிர்வாகச் செலவுக்கு ஒரு விழுக்காட்டை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொண்டு மீதியை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கும். ஆயுஷ்மான் பாரத்தின் மாதிரி ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு விதி உண்டு. அந்த விழுக்காடு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் வட்டி எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிளெய்ம் 110 ஆனால் நிறுவனத்துக்குக் கைநட்டம். அப்போது அடுத்த டெண்டரில் பிரீமியம் ஏறும், அல்லது அதுவரை கோப்புகளை இறுக்கிப் பிடிப்பார்கள்.

டிபிஏவுக்கு ஆதாயம் வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைத்த கிளெய்ம் தொகைக்கு இவ்வளவு கமிஷன் என்று டிபிஏவுக்குக் கூலி பேசக்கூடாது. ஆகவே “நம்ம அம்மாவுக்கு மறுத்தால் அவனுக்குக் காசு” என்ற எண்ணம் சரியில்லை. அவர்களுக்கு மிச்சமாவது ஆள் செலவு. பத்து மருத்துவர்கள் பார்க்க வேண்டிய கோப்பை ஆறு பேரை வைத்துப் பார்த்தால் அது மிச்சம். இங்கேதான் குவெரி ஒரு கருவியாகிறது. கோரிக்கை வந்து இத்தனை மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லி, முதல் பதிலோடு நேரம் எண்ணுவது நின்றுவிடும் என்றால், ஒரு சின்னக் குவெரி போட்டாலே கெடு காப்பாற்றப்பட்டதாகக் கணக்காகிவிடும். நோயாளியின் நேரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கோரிக்கை ஏறிய நிமிடத்திலிருந்து இறுதி முடிவு வரை மொத்த நேரத்தை எண்ண வேண்டும், கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே குவெரியில் கேட்க வேண்டும் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இருந்தால் உங்களைப் போன்றவர்களின் தொல்லையில் பாதி குறையும் என்பது என் உறுதியான கருத்து.

தனியார் மருத்துவமனைக்கு ஆதாயம் பேக்கேஜ் தொகைக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளி. இடைவெளி நன்றாக இருக்கும் சிகிச்சைக்கு “வாங்க” என்பார்கள். குறைவாக இருப்பதற்குப் “படுக்கை இல்லை” என்பார்கள். சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குள் மலைக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இருக்கிறது. பந்தலூர்க் குடும்பத்துக்கும் கோவை நகரக் குடும்பத்துக்கும் அரசு கட்டும் பிரீமியம் ஒன்றே. ஆனால் கோவைக்காரர் பேருந்தில் அரை மணி நேரத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுவார். பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம், ஊட்டி வழியாகக் கோவை 150 கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் நடுவட்டம் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. கூட வருபவரின் சம்பளம் போகும், தங்கக் காசு வேண்டும். காப்பீடு இதில் எதையும் தராது. தீவுபோல் தனித்திருக்கும் குறும்பர், பணியர் குடியிருப்பிலிருந்து ஒரு மூதாட்டி குடல் இறக்கத்தோடு வாழ்நாளெல்லாம் இருந்துவிடுகிறார் என்றால் அந்தக் குடும்பத்துக்குக் கட்டிய பிரீமியம் செலவாகவில்லை. தூரமே காப்பீட்டின் மிச்சமாக மாறுகிறது. இதில் எவருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. மலையில் மருத்துவமனைகளைத் தேடிப் பட்டியலில் சேர்க்க எந்த நிறுவனத்துக்கும் அவசரம் இல்லை என்பதே போதும். மாவட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று வட்ட வாரியாக எத்தனை குடும்பம் பதிவு, எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள், எத்தனை நிராகரிப்பு என்று எடுத்தால் தெரியும்.

அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. யுனைடெட் இந்தியா பொதுத்துறை என்பதால் தகவல் உரிமைச் சட்டம் அதன்மேல் நேராகச் செல்லும். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் செல்லும். டிபிஏ தனியார்தான், ஆனாலும் சட்டப்படி ஒரு பொது அமைப்பு தனியாரிடமிருந்து கேட்டுப் பெறக்கூடிய தகவலும் தகவல்தான். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. நிராகரிப்பானால் அதன் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கோரிக்கையை மறுக்கும் முடிவு காப்பீட்டு நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். டிபிஏ தன்னிச்சையாக மறுத்துவிட முடியாது. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர் குழுவுக்கு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஊட்டிக்குப் போய் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். போக முடியாதென்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதியலாம், அதுவும் அதே மேசைக்குத்தான் வரும்.

இன்சூரன்ஸ் கம்பெனியே வேண்டாம், அரசே நடத்தட்டும் என்கிறவர்களுக்கு விடை உங்கள் ஊரிலிருந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாலே கிடைக்கும். கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் 2019இல் ரிலையன்ஸ் ஜெனரல் என்ற தனியார் நிறுவனத்தோடு தொடங்கியது. 2020 ஜூலையிலிருந்து மாநில சுகாதார முகமையே நேராகப் பணம் தருகிறது. கர்நாடகத்தில் இந்த வேலையைச் செய்வது அரசே அமைத்த அறக்கட்டளையான சுவர்ண ஆரோக்ய சுரக்ஷா டிரஸ்ட். ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்யஸ்ரீ தனியார் காப்பீட்டோடு தொடங்கிப் பிறகு டிரஸ்ட் பக்கம் போனது. இந்த முறையில் பிரீமிய மிச்சம் என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் அரசு கஜானாவில் பணம் இறுகும்போது மருத்துவமனைகளுக்கு நிலுவை ஏறும். கேரளத்தில் தனியார் மருத்துவமனைகள் நிலுவையைக் காரணம் காட்டித் திட்டத்தை விட்டு விலகுவதாகச் சொன்னது பலமுறை செய்தியானது. தவிர, டிரஸ்ட் முறையிலும் கோப்புப் பார்க்கும் வேலையைத் தனியாரிடம் கூலிக்குக் கொடுப்பது வழக்கம்தான். ஆகவே டிரஸ்ட் ஆனால் குவெரி ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூடலூரிலேயே வேறொரு மாதிரி இருந்தது, அரசுத் திட்டம் எதற்கும் முன்னால். 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஷ்வினி அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் சேர்ந்து 1992இல் நியூ இந்தியா அஷ்யூரன்சிடம் சங்க உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்தன. உறுப்பினர்களிடம் சங்கமே பிரீமியம் திரட்டும், பற்றாக்குறைக்கு நன்கொடை. நோயாளி நேராக மருத்துவமனைக்கு வந்து சிகிச்சை பெற்றுப் போவார். கிளெய்ம் தாள்களை மருத்துவமனை அனுப்பிக்கொள்ளும். பணியருக்கோ காட்டுநாயக்கருக்கோ குவெரி என்றால் என்ன என்று தெரிய வேண்டிய தேவையே வரவில்லை. அளவில் மிகச் சின்னது, அதை அப்படியே 1.37 கோடிக் குடும்பத்துக்கு விரிக்க முடியாது. ஆனாலும் தாள் வேலை முழுவதும் நோயாளியின் தலையிலிருந்து இறங்க வேண்டும் என்ற ஒரு விதியையாவது பெரிய திட்டம் அங்கிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று: அந்தப் பகுதிப் பழங்குடியினரிடம் அதிகம் காணப்படும் அரிவாள் செல் ரத்தச்சோகைக்கு மாதாமாதம் மாத்திரை, பரிசோதனை வேண்டும். உள்நோயாளியாகப் படுத்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு இதைத் தொடுவதே இல்லை. நிர்வாகம் தனியாரா அரசா என்பதைவிட இந்த இடைவெளி பெரியது.

பத்தேரிக் கேள்விக்கு வருவோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் எல்லோரும் ஆயுஷ்மான் பாரத் பயனாளிகள் அல்ல. பெரும்பாலும் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் பட்டியலில் குடும்பம் இருந்தால்தான் ஆயுஷ்மான் பாரத் எண் உண்டு, அந்தக் குடும்பங்களுக்குச் செலவை மத்திய அரசும் மாநிலமும் 60க்கு 40 என்று பங்கிடுகின்றன. மாநிலம் விட்டு மாநிலம் செல்வது அவர்களுக்கு மட்டும். மற்றவர்களின் அட்டைக்கு முழுச் செலவும் தமிழ்நாடு ஏற்பது; அதை நம்பி எல்லை தாண்டினால் கைக்காசுதான். உங்கள் குடும்பம் எந்த வகை என்று 14555க்குப் பேசி ஆதார், குடும்ப அட்டை விவரம் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள், நோய் வருவதற்கு முன்னால். பத்தேரி மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டருக்கும் கிளம்புமுன் பேசி மூன்று கேளுங்கள்: ஆயுஷ்மான் பட்டியலில் இருக்கிறீர்களா, எலும்புச் சிகிச்சைக்கும் சேர்த்தா, வெளிமாநில நோயாளியை எடுக்கிறீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம்; வெளிமாநிலக் கிளெய்ம் பணம் தாமதமாக வரும் என்பதால் பட்டியலில் இருந்தும் தயங்கும் மருத்துவமனைகள் உண்டு. மைசூருக்குப் போக நினைத்தால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், ஆம்புலன்சை விடுவார்கள், வாடகை ஜீப்பை விடமாட்டார்கள்.

சாலை விபத்து என்றால் கணக்கு வேறு. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையோ வருமானச் சான்றோ தேவையில்லை, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. கல்லட்டி இறக்கத்தில் வண்டி கவிழ்ந்தவரிடம் போய் அட்டை கேட்டு நிற்கக் கூடாது என்பதற்காகவே அது.

எஸ்டேட் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போதைய வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000, முன்பு 72,000. நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்தால்கூட 300 நாளில் ஒருவர் மட்டுமே 1,20,000 வாங்கிவிடுவார். கணவன் மனைவி இருவரும் நிரந்தரத் தொழிலாளர்களானால் வரம்பைத் தாண்டியாயிற்று. தோட்டத் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் பெரும்பாலும் கிடையாது, எஸ்டேட் மருத்துவமனையில் பெரிய அறுவையும் நடக்காது. இரண்டுக்கும் நடுவில் விழும் குடும்பங்கள் இவை. பழைய அட்டை இருந்தால் அது செல்லுகிறதா, அம்மாவின் பெயர் உங்கள் குடும்ப அட்டையில் இருக்கிறதா, தனி அட்டையில் இருக்கிறதா என்று திட்டத்தின் இணையதளத்தில் குடும்ப அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். புதிதாகப் பதிவதென்றால் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ஊட்டி ஆட்சியர் அலுவலகத்துப் பதிவு மையம். மருத்துவ முகாம்களில் பதிவு நடக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் அந்த அலைச்சல் மிச்சம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் ஏதிலியருக்கு வருமான வரம்பு இல்லை.

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது வாங்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரியின் அசல், அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே, உள்ளே வைத்த உலோகத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளின் நகல். பணம் கட்டவில்லை என்ற வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஒரு ரூபாய் கட்டியிருந்தாலும் அதை அதே தாளில் எழுதிவிட்டே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். ஆயுஷ்மான் பேக்கேஜ் என்றால் 15 நாள் மருந்து அதிலேயே அடக்கம், கேட்டு வாங்குங்கள். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே பார்க்க வரச் சொன்னால் “கூடலூரில் எடுத்துப் படம் அனுப்பலாமா” என்று அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டு, அதைச் சம்மரியில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நடைப் பயிற்சிக்குக் கோவை வரை போக வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரை டிஸ்சார்ஜ் ஆன அன்றே கொடுத்துவிடுங்கள்.